பந்தை எடுத்துக்கொண்டு மெதுவாக நடந்தவர்

1958 உலகக் கோப்பை இறுதிப் போட்டி என்றாலே எல்லோரும் பெலேயின் கோலைத்தான் சொல்வார்கள். 17 வயசுப் பையன், பந்தை நெஞ்சில் வாங்கி, தடுக்க வந்தவரின் தலைக்கு மேலே தூக்கிப் போட்டு, அது தரையைத் தொடும் முன்னே வலைக்குள் அடித்தான். அற்புதமான கோல், சந்தேகமே இல்லை. ஆனால் என்னைக் கேட்டால் அந்த ஆட்டத்தின் முக்கியமான தருணம் அதற்கு 50 நிமிஷம் முன்னாடியே நடந்துவிட்டது. அதில் யாரும் பந்தை உதைக்கவில்லை. ஒருவர் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு நடந்தார், அவ்வளவுதான்.

அவர் அணியின் கேப்டன் இல்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

நான்காவது நிமிஷம்

1958 ஜூன் 29. ஸ்டாக்ஹோமை ஒட்டியுள்ள சோல்னாவில் ரசுண்டா மைதானம். போட்டியை நடத்தும் ஸ்வீடனும் பிரேசிலும் மோதுகின்றன. மழை பெய்து ஈரமான தரை. ஆட்டம் தொடங்கி நான்காவது நிமிஷத்தில் ஸ்வீடனின் லீட்ஹோல்ம் கோல் போட்டுவிட்டார்.

அந்தத் தொடரில் பிரேசில் பின்தங்கியது அதுதான் முதல் தடவை. அதுவரை ஆஸ்திரியாவை 3-0, சோவியத் யூனியனை 2-0, வேல்ஸை 1-0, பிரான்ஸை 5-2 என்று ஜெயித்திருந்தார்கள். இங்கிலாந்தோடு 0-0. எந்த ஆட்டத்திலும் எதிரணி முன்னால் போனதில்லை. ஸ்வீடனின் பயிற்சியாளர் ஜார்ஜ் ரேனர் என்ற ஆங்கிலேயர். பிரேசில்காரர்கள் முதல் கோலை வாங்கிவிட்டால் பதறிப்போய்விடுவார்கள் என்று அவர் போட்டிக்கு முன்பே கணித்திருந்தார். இப்போது அந்த முதல் கோல் விழுந்துவிட்டது.

பந்து வலையிலிருந்து டிடி என்பவரின் கைக்கு வந்தது. அதை வலையிலிருந்து எடுத்து அவரிடம் கொடுத்ததே கேப்டன் பெல்லினிதான் என்றும் ஒரு விவரிப்பு உண்டு. பின்தங்கிய அணி வழக்கமாக என்ன செய்யும்? பந்தைப் பிடுங்கிக்கொண்டு மைய வட்டத்துக்கு ஓடும். ஒவ்வொரு நொடியும் போகிறதே என்ற தவிப்பு. டிடி ஓடவில்லை. பந்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மாலையில் கடைத்தெருவுக்குப் போகிறவர் மாதிரி நடந்தார். சீக்கிரம் வா என்று ஜகாலோ அவசரப்படுத்தினார் என்கிறார்கள். டிடி வேகத்தைக் கூட்டவில்லை. வழியில் ஒவ்வொருவரிடமும் ஏதோ பேசிக்கொண்டே வந்தார். என்ன பேசினார் என்பது ஒவ்வொருவர் நினைவிலும் ஒவ்வொரு மாதிரி பதிவாகியிருக்கிறது. ஒன்றும் ஆகிவிடவில்லை, இவர்களை ஜெயித்துவிடலாம் என்ற சாரம் மட்டும் எல்லாவற்றிலும் பொது.

ஐந்து நிமிஷத்தில் கரிஞ்சா வலது ஓரத்திலிருந்து கொடுத்த பந்தில் வாவா சமன் செய்தார். 32-வது நிமிஷத்தில் அச்சு அசலாக அதே மாதிரி இன்னொன்று. கடைசியில் 5-2. பிரேசிலுக்கு முதல் உலகக் கோப்பை.

இதில் என்ன பெரிய விஷயம், ஒரு மனுஷன் மெதுவாக நடந்தார், அவ்வளவுதானே என்று தோன்றலாம். அந்த நடையின் எடை தெரிய வேண்டுமானால் எட்டு வருஷம் பின்னால் போக வேண்டும்.

மரக்கானாவில் ஒரு நடை

1950 ஜூலை 16, ரியோ டி ஜெனிரோ, புதிதாகக் கட்டிய மரக்கானா மைதானம். அந்த வருஷம் தனியாக இறுதிப் போட்டி கிடையாது. நான்கு அணிகள் ஒன்றோடொன்று ஆடும் கடைசிச் சுற்று. பிரேசில் ஸ்வீடனை 7-1, ஸ்பெயினை 6-1 என்று துவைத்து எடுத்திருந்தது. உருகுவேயோடு டிரா செய்தாலே கோப்பை. டிக்கெட் வாங்கி உள்ளே வந்தவர்கள் மட்டும் 1,73,850 பேர் என்பது அதிகாரபூர்வக் கணக்கு. உண்மையில் இரண்டு லட்சத்தைத் தொட்டிருக்கும் என்பார்கள்.

47-வது நிமிஷத்தில் பிரேசிலின் ஃப்ரியாசா கோல் போட்டார். மைதானம் வெடித்தது.

உருகுவேயின் கேப்டன் ஒப்துலியோ வரேலா. பந்தை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு லைன்ஸ்மேனிடம் நடந்தார். ஆஃப்சைடு என்று முறையிட்டார். பிறகு ரெஃப்ரி ஜார்ஜ் ரீடரிடம் போனார். ரீடர் ஆங்கிலேயர், வரேலா பேசுவது ஸ்பானிஷ். மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுங்கள் என்றார். கோலை ரத்து செய்வார்கள் என்று அவர் நம்பவே இல்லை. அந்த இரைச்சல் அடங்கும் வரை ஆட்டத்தைத் தொடங்கவிடக் கூடாது, தொடங்கியிருந்தால் எங்களை நசுக்கியிருப்பார்கள் என்று பிற்காலத்தில் அவரே சொன்னார்.

கொண்டாட்டம் மெல்ல எரிச்சலாக மாறியது. ஆட்டம் மறுபடி தொடங்கியபோது பழைய வேகம் இல்லை. 66-வது நிமிஷத்தில் ஸ்கியாஃபினோ, 79-ல் கிஜியா. உருகுவே 2-1. மைதானம் மயான அமைதி.

எட்டு வருஷ இடைவெளியில் இரண்டு நடை. டிடி வரேலாவைக் காப்பியடித்தார் என்று முடிச்சுப் போட வேண்டியதில்லை. ஆனால் இரண்டு பேருமே ஒன்றைப் புரிந்துவைத்திருந்தார்கள். கோல் விழுந்த அடுத்த ஒரு நிமிஷம்தான் ஆபத்தான நிமிஷம். அந்த ஒரு நிமிஷத்தை யார் கையில் வைத்திருக்கிறார்களோ அவர்களுக்குத்தான் மீதி ஆட்டம்.

ஒரு முக்கியமான வித்தியாசமும் உண்டு. வரேலா தணிக்க நினைத்தது எதிரில் இருந்த கூட்டத்தை. டிடி தணிக்க வேண்டியிருந்தது தன் கூட ஆடிய பத்துப் பேரை. இரண்டாவதுதான் கஷ்டம்.

தோற்றவர்களுக்கு ஒட்டிய முத்திரை

1950 தோல்விக்குப் பிரேசில் ஆள் தேடியது. பழி வந்து விழுந்தது கோல்கீப்பர் பார்போசா, தடுப்பாளர்கள் பிகோடி, ஜுவெனால் ஆகியோர் மேல். மூவரும் கறுப்பினத்தவர். பார்போசா 2000-ல் இறக்கும் வரை அந்தக் கறை போகவில்லை. நாட்டின் சட்டத்தில் அதிகபட்ச தண்டனை 30 வருஷம், எனக்கு மட்டும் 50 வருஷம் என்று அவர் நொந்து சொன்னது பிரபலம். வேடிக்கை என்னவென்றால், பிரேசிலைத் தோற்கடித்த வரேலாவே ஆப்பிரிக்க வம்சாவளிக்காரர். ‘கறுப்புத் தலைவர்’ என்பதுதான் அவருடைய பட்டப் பெயர். கறுப்பர்களுக்கு நெஞ்சுறுதி போதாது என்று பேசியவர்கள் எதிரணியின் கேப்டனை மட்டும் வசதியாக மறந்துவிட்டார்கள்.

1954-ல் அடுத்த அடி. ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ஹங்கேரியோடு காலிறுதி. 4-2 தோல்வி. மூன்று பேர் வெளியேற்றப்பட்டார்கள். பிரேசிலில் நில்டன் சாண்டோஸ், ஹம்பர்ட்டோ, ஹங்கேரியில் போசிக். ஆட்டம் முடிந்த பிறகும் உடைமாற்றும் அறை வரைக்கும் அடிதடி. ‘பெர்ன் யுத்தம்’ என்றே பெயராகிவிட்டது. அந்த ஆட்டத்தில் டிடியும் ஆடினார்.

அதற்குப் பிறகு பிரேசிலில் ஒரு பேச்சு வலுத்தது. நம்ம ஆட்களுக்குத் திறமை இருக்கு, மனசுதான் இல்லை. நெருக்கடி வந்தால் உடைந்துவிடுகிறார்கள். இதைக் கலப்பின மக்களின் பிறவிக் குணம் என்றே சொன்னவர்களும் இருந்தார்கள். டீக்கடைப் பேச்சாக மட்டும் அல்ல, அணியோடு போன பெரிய மனிதர்களின் எழுத்திலும் அந்தத் தொனி இருந்தது. எழுத்தாளர் நெல்சன் ரோட்ரிக்ஸ் 1958 தொடர் தொடங்கும் தறுவாயில் இந்த மனநிலைக்கு ஒரு பெயர் வைத்தார். நம் பேச்சில் சொன்னால் ‘தெருநாய் மனப்பான்மை’. உலகத்தின் முன்னால் பிரேசில்காரன் தானாகவே போய் வாலைச் சுருட்டிக்கொள்கிறான் என்பது அவர் ஆதங்கம். அவர் திட்டியது இனத்தை இல்லை, அந்தத் தாழ்வு மனப்பான்மையை.

1958-ல் ஆஸ்திரியாவுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் இறங்கிய பதினோரு பேரில் டிடி ஒருவர்தான் கறுப்பர். இது வேண்டுமென்றே செய்ததா, காயங்களாலும் ஃபார்மினாலும் அப்படி அமைந்ததா என்ற விவாதம் இன்னும் ஓடுகிறது. எப்படியிருந்தாலும் அந்த அறையில் இருந்த காற்று என்ன என்பது நமக்குப் புரிகிறது.

காகிதத்தில் அளந்த மனசு

இந்தப் பின்னணியில்தான் பிரேசில் ஒரு புதுமை செய்தது. 1958 அணியோடு உளவியலாளர் ஒருவரைக் கூட்டிப் போனார்கள். பெயர் ஜுவாவ் கர்வல்யாயிஸ். அந்தக் காலத்தில் கால்பந்து அணியில் உளவியலாளர் என்பது கேள்விப்படாத விஷயம். வீரர்களைப் படம் வரையச் சொன்னார், கேள்வித்தாள் கொடுத்தார். பெலே தன் சுயசரிதையில் இதைப் பதிவு செய்திருக்கிறார். பெலே இன்னும் குழந்தைத்தனமானவன், போராடும் குணம் போதாது. கரிஞ்சாவுக்குப் பொறுப்புணர்வு போதாது. இருவரையும் ஆட வைக்க வேண்டாம் என்பது பரிசோதனையின் முடிவு. பயிற்சியாளர் ஃபியோலா அதைக் கேட்டுக்கொண்டார். நீங்கள் சொல்வது சரியாகவும் இருக்கலாம், ஆனால் உங்களுக்குக் கால்பந்து தெரியாதே என்கிற மாதிரி பதில் சொல்லிவிட்டு, மூன்றாவது ஆட்டத்தில் இரண்டு பேரையும் இறக்கினார். பெலேயும் கரிஞ்சாவும் சேர்ந்து ஆடிய எந்த ஆட்டத்திலும் பிரேசில் தோற்றதே இல்லை.

உளவியலாளரைக் கிண்டல் செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் ஒரு முன்னோடி. பள்ளிக்கூடத்தில் அதிகம் உட்காராத வீரர்களிடம் பென்சிலும் காகிதமும் கொடுத்து அளந்தால் என்ன கிடைக்குமோ அதுதான் கிடைத்தது. அளந்த இடம் தப்பு. ஒரு ஆள் நெருக்கடியில் எப்படி இருப்பான் என்பது அவன் தனியாக உட்கார்ந்து படம் வரையும்போது தெரியாது. கூட இருக்கிறவர்கள் அவனைப் பார்த்து என்ன ஆகிறார்கள் என்பதில்தான் தெரியும்.

‘உணர்வுசார் நுண்ணறிவு’ என்ற கருத்தை பீட்டர் சாலோவே, ஜான் மேயர் இருவரும் ஆய்வுக் கட்டுரையாக எழுதியது 1990-ல். டேனியல் கோல்மனின் புத்தகம் 1995-ல் வந்து அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. இன்றைக்கு ஐடி கம்பெனி பயிற்சி வகுப்புகளில் இந்தச் சொல் படாதபாடு படுகிறது. கோபப்படாதே, சிரித்துப் பேசு என்ற அளவுக்குச் சுருங்கியும் விட்டது. மூலக் கருத்து அதைவிட ஆழம். தன் உணர்ச்சியையும் பிறர் உணர்ச்சியையும் சரியாக வாசிப்பது, அந்த வாசிப்பை வைத்துச் செயல்படுவது. ரசுண்டாவில் டிடி செய்தது இதுதான். அப்போது அதற்குப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஏன் டிடி?

கேப்டன் பெல்லினி நல்ல கேப்டன். கோப்பையை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டும் வழக்கம் அவரால்தான் பிரபலமானது. அப்படியிருக்க அந்த நிமிஷத்தில் எல்லோரும் டிடியைப் பார்த்தது ஏன்? எனக்கு மூன்று காரணம் தோன்றுகிறது.

ஒன்று, ஆட்டத்தின் அமைப்பு. டிடி நடுக்கள வீரர். பெல்லினி பின்னால் தடுப்பவர். பிரேசிலின் எந்தத் தாக்குதலும் டிடியின் காலைத் தொட்டுத்தான் போகும். எப்போது வேகம், எப்போது நிதானம் என்பதை அவர் தினமும் முடிவு செய்துகொண்டிருந்தார். ஆகவே அவர் மெதுவாக நடந்ததும் மற்றவர்களுக்கு அது பழகிய சமிக்ஞை.

இரண்டு, அவர் பட்ட பாடு. 1928-ல் காம்போஸ் என்ற ஊரில் பிறந்தவர். சின்ன வயசில் முழங்காலில் ஏற்பட்ட தொற்று முற்றி, காலையே எடுக்க வேண்டிய நிலை வரை போய்த் தப்பியவர். 1950-ல் மரக்கானா திறந்தபோது அங்கே விழுந்த முதல் கோல் அவருடையது. பெர்ன் அடிதடியைக் கண்ணால் பார்த்தவர். 1957-ல் பெருவுக்கு எதிராக, காற்றில் மிதந்து சட்டென்று விழும் ‘சருகு’ ஃப்ரீ கிக்கால் பிரேசிலை உலகக் கோப்பைக்குத் தகுதி பெற வைத்தவர். அப்படியும் 29 வயசாகிவிட்டது, பயிற்சியில் உழைப்பதில்லை என்று அவர் இடத்தைக் கேள்வி கேட்டார்கள். பயிற்சி பயிற்சிதான், ஆட்டம் ஆட்டம்தான் என்றாராம். உடைந்துபோகும் பயம் என்ன என்று தெரியாத ஒருவர் ‘பயப்படாதே’ என்றால் எடுபடாது. டிடிக்கு அது தெரியும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

மூன்று, அவர் சொற்பொழிவு ஆற்றவில்லை. உடம்பால் பேசினார். 17 வயசுப் பெலேவுக்கு அந்த நிமிஷத்தில் அறிவுரை காதில் ஏறியிருக்காது. ஆனால் அணியிலேயே மூத்தவர்களில் ஒருவர் அவசரமில்லாமல் நடந்து வருகிறார் என்பது கண்ணில் படும். பதற்றம் தொற்றுகிற மாதிரியே நிதானமும் தொற்றும்.

எங்கள் துறையிலும் இதைப் பார்க்கலாம். ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் விழுந்துவிட்டது, கான்ஃபரன்ஸ் காலில் முப்பது பேர். ஆளாளுக்கு ‘ரீஸ்டார்ட் பண்ணு’, ‘பழைய வெர்ஷனுக்குப் போ’ என்று கத்துகிறார்கள். அப்போது ஒரு குரல், ‘இருங்க, முதல்ல லாக்கைப் பார்ப்போம், கடைசியா என்ன மாத்தினோம்?’ என்று கேட்கும். அந்தக் குரலுக்குரியவர் பெரும்பாலும் மேனேஜராக இருக்க மாட்டார். ஆனால் அடுத்த நிமிஷத்திலிருந்து எல்லோரும் அவரிடம்தான் பேசுவார்கள். பதறாத காரியம் சிதறாது என்று நம்ம ஊரில் சும்மாவா சொன்னார்கள்!

எல்லா இடத்திலும் செல்லாது

இத்தோடு நிறுத்தினால் இது ஒரு நாயகன் கதையாக ஆகிவிடும். நடந்தது வேறு. உலகக் கோப்பையின் சிறந்த வீரர் என்று கொண்டாடப்பட்ட டிடி 1959-ல் ரியல் மாட்ரிட் அணிக்குப் போனார். அங்கே ஏற்கெனவே ஒரு மையம் இருந்தது, ஆல்ஃப்ரெடோ டி ஸ்டெஃபானோ. பந்து யார் வழியாகப் போக வேண்டும் என்பதில் அந்த அணி எப்போதோ ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. இருவருக்கும் ஒத்துவரவில்லை. ஒரு பருவத்திலேயே டிடி பிரேசிலுக்குத் திரும்பிவிட்டார். 1962-ல் அதே பிரேசில் அணியில் இன்னொரு உலகக் கோப்பை ஜெயித்தார்.

ஆள் அதே ஆள்தான், நடையும் அதே நடைதான். ஆனால் மாட்ரிட்டில் அந்த நடைக்கு அர்த்தம் இல்லை. கேப்டன் பதவியைக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாம். பதவியில்லாத தலைமையை அப்படிக் கொடுக்க முடியாது. கூட இருக்கிறவர்கள் கொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அது ஒருவருடைய பைக்குள் இருக்கும் சொத்து இல்லை, அவருக்கும் அந்தக் கூட்டத்துக்கும் நடுவில் இருக்கும் ஒன்று. பயிற்சி வகுப்புகளில் தனிநபர் மதிப்பெண்ணாக இதை அளக்கும்போது விட்டுப்போவது இந்தப் பாதிதான்.

வரேலாவின் கதைக்கும் ஒரு பின்பாதி உண்டு. ஜெயித்த அன்று ராத்திரி அவர் ரியோவின் மதுக்கடைகளில் சுற்றினார். அங்கே அழுதுகொண்டிருந்த பிரேசில்காரர்களைப் பார்த்து, இவர்களுக்கு இதைச் செய்துவிட்டோமே என்று வருந்தியதாகப் பிற்காலத்தில் சொன்னார். மத்தியானம் அந்தக் கூட்டத்தின் மனசைத் துல்லியமாக வாசித்து அதை வைத்தே வென்றவர், ராத்திரி அதே மனசை வாசிக்காமல் இருக்க முடியவில்லை.

ஜூன் 1970, லியோன்

கடைசியாக ஒன்று. டிடி பின்னாளில் பயிற்சியாளரானார். பெரு அணியை 1970 மெக்ஸிகோ உலகக் கோப்பைக்குத் தகுதி பெறச் செய்து கூட்டிப் போனார். மே 31 அன்று பெருவின் அங்காஷ் பகுதியில் பயங்கர நிலநடுக்கம். சுமார் 70,000 பேர் இறந்தார்கள். ஜூன் 2 அன்று லியோன் நகரில் பல்கேரியாவோடு பெருவின் முதல் ஆட்டம். ஊரில் என்ன ஆயிற்றோ என்ற கவலையோடு வீரர்கள் இறங்கினார்கள். இரண்டாம் பாதி தொடங்கிய கொஞ்ச நேரத்தில் 0-2 என்று பின்தங்கியும் விட்டார்கள்.

அடுத்த நிமிஷமே காயார்டோ ஒன்று போட்டார். பிறகு சும்பிடாஸ். 73-வது நிமிஷத்தில் குபிஜாஸ். பெரு 3-2.

அன்றைக்கு டிடி கோட்டுக்கு வெளியே இருந்தார். பந்தை எடுத்துக்கொண்டு நடக்க அவருக்கு வழியில்லை. ஓடிப் பிடித்தது முழுக்க அந்தப் பதினோரு பேரும் அவர்களுடைய மாற்று வீரர்களும்தான். காலிறுதியில் அவர்கள் பிரேசிலிடம் 4-2 என்று தோற்று வெளியேறினார்கள். எதிரில் ஆடியவர்களில் பெலேயும் இருந்தார், பயிற்சியாளராக நின்றவர் ஜகாலோ. ஒருவர் ரசுண்டாவில் பதினேழு வயசுப் பையன். இன்னொருவர் சீக்கிரம் வா என்று அவசரப்படுத்தியவர்.